பேட்ஜர் முடி என்று விற்கப்பட்ட சாயம் பூசிய சவர பிரஷ்: வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை

தீபாவளித் தள்ளுபடியின்போது இணையக் கடை ஒன்றில் அப்பாவுக்காக வாங்கிய சவரப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். அதில் "அசல் பேட்ஜர் முடி" (பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு) என்று அச்சிட்ட ஒரு பிரஷ்ஷும், 30 மில்லி சந்தன ப்ரீ-ஷேவ் எண்ணெய்க் குப்பி ஒன்றும், இரண்டையும் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் துண்டுத்தாளும் இருந்தன. விலை 2,400 ரூபாய். அந்தத் தாளில் சொன்னபடி நாங்கள் நடந்துகொண்டதே, பின்னர் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. கழுத்துத் தோல் மெலிந்துவிட்டதால் பிளேடு பட்டாலே சிவந்து எரிகிறது. சவரத்துக்கு முன் எண்ணெய் தடவினால் பிளேடு வழுக்கிச் செல்லும் என்று கேள்விப்பட்டே இதை வாங்கினேன். முதல் முறை பயன்படுத்தும் முன் வாடை போவதற்காகப் பிரஷ்ஷைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுவைக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு முறையும் அதன் முடிக்கற்றையில் பத்துச் சொட்டு எண்ணெய் விட்டு நுரை எழுப்ப வேண்டும் என்று தாள் சொன்னது. அப்படியே செய்தோம். சற்று நேரத்தில் குவளையைப் பார்த்த அப்பா, "என்னப்பா, டீத்தூள் போட்ட மாதிரி இருக்கு தண்ணி?" என்றார். முடியின் நடுவில் இருந்த கரும்பட்டை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அன்று எவ்வளவு சுழற்றியும் நுரை நிற்கவில்லை. ஒரே வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டத் தொடங்கியது.

அந்தத் தாளில் இருந்த இரண்டு அறிவுரைகளுமே தவறானவை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முடிக்கற்றை கைப்பிடிக்குள் பசையால்தான் நிற்கிறது. கொதிநீர் அந்தப் பசையை இளக்கி, விலங்கு முடியையும் வறட்டி முறியச் செய்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பே போதும்: பன்றி முடி பிரஷ் என்றால் சில நிமிடங்கள் ஊற வேண்டும், பேட்ஜருக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும், செயற்கை இழை பிரஷ்ஷை நனைத்தாலே போதுமானது. எண்ணெயோ பிரஷ்ஷுக்கு உரியதே அல்ல. வெந்நீரால் முகத்தைக் கழுவிய பின், மூன்று நான்கு சொட்டுகளை உள்ளங்கையில் தேய்த்து, ஈரமான தாடியில் விரல்களால் தடவிவிட்டு, அதன் மேல்தான் நுரையைப் பூச வேண்டும். எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் சோப்பு நுரையை உடைத்துவிடும். பிரஷ்ஷில் நேரடியாக ஊற்றினாலோ அலசும் தண்ணீர் எளிதில் எட்டாத அடிப்பகுதியில் தங்கிச் சிக்குப் பிடிக்கும். அப்படிப் பிடித்த சிக்கைச் சிறிது ஷாம்பு எடுக்கும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைப் போன்ற கடின நீரில் சோப்பு வெண்படலமாகப் படிவதை, வெதுவெதுப்பான நீரில் சிறிது வெள்ளை வினிகர் கலந்து சில நிமிடம் வைத்தால் நீக்கலாம். அலசியதும் உதறித் துண்டால் ஒற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டிக்குள் மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

இனி முடியைப் பற்றி. பேட்ஜர் முடிக்கு நுனி வெளிறி, நடுவில் கரும்பட்டை ஓடி, அடி மறுபடி வெளிறியிருப்பது இயற்கை. எங்களுக்கு வந்ததோ அந்தப் பட்டையைச் சாயத்தால் வரைந்த பன்றி முடி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது நுனிகள் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்திருந்தன. அது பன்றி முடியின் அடையாளம், பேட்ஜர் முடி நுனியை நோக்கி மெலிந்து கூர்மையாக முடியும். உதிர்ந்த முடி ஒன்றைத் தீயில் காட்டியபோது தலைமுடி கருகும் வாடை வந்து சாம்பலாக உதிர்ந்ததால், அது செயற்கை இழை இல்லை என்பது தெளிவாயிற்று. செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். நல்ல பன்றி முடி பிரஷ் மட்டமான பொருள் அல்ல, அதைப் பன்றி முடி என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு எந்த வருத்தமும் இருந்திருக்காது. "பெஸ்ட்", "சூப்பர்", "சில்வர்டிப்" என்று பேட்ஜர் முடிக்குச் சூட்டும் தரப் பெயர்களுக்கும் எல்லோரும் ஏற்கும் பொது அளவுகோல் கிடையாது. அவற்றை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இந்த ஏமாற்று நூறு ஆண்டுப் பழமை உடையது. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடிக்குப் பதிலாகக் குதிரை முடியை அதைப்போலத் தோன்றச் செய்து பிரஷ்களில் வைத்து விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்கப்படாத அந்த முடியின் வழியே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்வீரர்கள் உட்படப் பலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் தொற்றி, சிலர் இறந்தும்போனார்கள். 1920இல் ஜப்பானிலிருந்து சவர பிரஷ்களை இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது. வெட்டுக்காயம் படக்கூடிய தோலில் தேய்க்கும் பொருள் எதனால் ஆனது என்று மறைப்பதை, விலையில் செய்த சிறு பொய்யாக மட்டும் என்னால் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

எண்ணெய் தடவிய நான்காம் நாள் அப்பாவின் கழுத்தில் அரிப்போடு சிறு சிறு கொப்புளங்கள் எழுந்தன. தோல் மருத்துவர், வாசனைப் பொருளின் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி உடனே நிறுத்தச் சொன்னார். எதில் செய்தது என்று அவர் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. குப்பியில் சேர்மானப் பட்டியல், தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் எதுவுமே இல்லை. இவற்றில் தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் ஆகியவை அழகுப் பொருள்களின் மேலுறையில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. புதிய எண்ணெய் எதுவானாலும், முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி ஓரிரு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். அதை நான் செய்யத் தவறியதற்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கடையைத் தொலைபேசியில் அழைத்தபோது, "சார், கொதிக்கிற தண்ணியில போட்டா எந்த பிரஷ்ஷா இருந்தாலும் சாயம் போகும்" என்றார்கள். அசல் முடிக்குச் சாயம் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. துண்டுத்தாளைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, அது தங்களுடையதே இல்லை என்றார்கள்; நல்லவேளையாக, பெட்டியைத் திறக்கும்போதே அந்தத் தாள் உள்ளே இருப்பதைக் காணொளியாக எடுத்திருந்தேன். அடுத்த கொள்முதலில் 300 ரூபாய் கழித்துத் தருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. பிரஷ், குப்பி, தாள், ரசீது, மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் எடுத்துவைத்திருக்கிறேன். கழுத்து ஆறிய பின், அப்பா இப்போது எண்ணெய் எதுவும் இல்லாமல், வெந்நீரில் நனைத்த துண்டைச் சற்று நேரம் தாடியில் வைத்திருந்துவிட்டு, தம் பழைய செயற்கை இழை பிரஷ்ஷால்தான் சவரம் செய்துகொள்கிறார்.