இறகு பிடுங்கும் டிரம்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் வீட்டில் ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது கோழி வளர்க்கிறோம். பாதி பிராய்லர், பாதி நாட்டுக்கோழி, தனியாகக் கொஞ்சம் வாத்து. ஊர் பர்மாவில் பெகுப் பக்கம், வயல்களுக்கு நடுவில். கல்யாணம், காதுகுத்து, முனீஸ்வரருக்குப் பூசை என்றால் நம் ஆட்கள் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்துவிடுவார்கள். பர்மியக் குடும்பங்களும் வாங்குகிறார்கள். பர்மிய மொழியில் கோழிக்கறிக்கு ‘ச்செத்தா’ என்று பேர். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. விற்பதெல்லாம் வீசைக் கணக்கு. நம் பக்கத்து வீசைதான் இங்கே வந்து கொஞ்சம் பெருத்துவிட்டது, ஒரு வீசைக்கு 1.6 கிலோவுக்கு மேல் வரும்.

2019 வரை எல்லாம் கைவேலை. நாற்பது கோழி என்றால் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேர், ஆக நாலு பேர் விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்து எட்டு மணிக்கு எழுந்திருப்பார்கள். விரல் நுனியெல்லாம் வெந்து சுருங்கிப்போயிருக்கும். அந்த வருடம் அத்தைக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, அக்காக்களில் ஒருவர் ரங்கூனுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அப்போதுதான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம் பேச்சை எடுத்தேன். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் டிரம்மில் கோழியைப் போட்டுச் சுற்றவிடுகிற வீடியோக்களை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். “இதுல என்ன இருக்கு மாப்ள, ஒரு வாரத்துல பண்ணிடலாம்” என்றான். மூன்று மாதம் ஆனது.

இப்போது எங்களிடம் இருப்பவை மூன்று: கோழியைத் தலைகீழாக நிறுத்துகிற தகரப் புனல், வெந்நீர் டிரம், இறகு பிடுங்கும் டிரம். இதே வரிசையில்தான் வேலையும் நடக்கும். ஆனால் நாங்கள் இவற்றைப் புரிந்துகொண்டது தலைகீழ் வரிசையில்.

இறகு பிடுங்கும் டிரம்மையே முதலில் சொல்கிறேன், கேட்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம்மை முக்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டோம். உள்சுவரில் 19 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் விரல் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் துண்டு, அதைத்தான் ரப்பர் விரல் என்பது. விரலைத் துளைக்குள் நுழைப்பதற்குள் பிராணன் போய்விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, நுனியைக் குறடால் பிடித்து, ஒரு காலை டிரம்மில் ஊன்றி இழுக்க வேண்டும். அடியில் ஒரு வட்டத் தட்டு, அதிலும் விரல்கள். தட்டு மட்டும்தான் சுற்றும், சுவர் சும்மா நிற்கும். கோழி சுற்றிக்கொண்டே போய்ச் சுவரில் உள்ள விரல்களில் உரசும்போது இறகு கழன்றுவரும். மேலிருந்து ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக இறகு கீழே கொட்டிவிடும்.

அந்த இடைவெளியை நாங்கள் முதலில் ஒன்றரை அங்குலம் வைத்தோம். இறகு நன்றாக விழட்டும் என்று எண்ணம். முதல் நாளே ஒரு சேவலின் கால் அதில் மாட்டி முறிந்தது. அப்புறம் பெரிய தட்டாகப் போட்டு முக்கால் அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு ஒரு கால்கூட மாட்டவில்லை.

மோட்டார் ஒரு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் இரண்டு அங்குலப் புல்லி, தட்டின் தண்டில் பத்து அங்குலப் புல்லி. கணக்குப் போட்டால் தட்டு நிமிடத்துக்கு 288 சுற்று சுற்றும். இரண்டு கோழி போட்டால் இருபது, இருபத்தைந்து வினாடியில் முடிந்துவிடும். அதற்கு மேல் விட்டால் இறக்கை முறியும், நெஞ்சுத் தோல் சிவந்துபோகும். ஒரே ஒரு கோழி போட்டால் அது சரியாகப் புரளாமல் ஓரிடத்திலேயே கிடந்து அடிபடுகிறது. மூன்று போட்டால் நடுவில் இருப்பது தப்பித்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு.

சரி, இவ்வளவும் செய்து முதல் தடவை ஓட்டினோமே, பதினைந்து கோழியில் பதினொன்றுக்குத் தோல் கிழிந்தது. கறிக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்க்கத்தான் நாய் குதறியது மாதிரி இருந்தது. கல்யாண வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மச்சான் வேகம் அதிகம் என்று சொல்லிப் புல்லியை மாற்றினான். அடுத்த தடவையும் கிழிந்தது. விரல் கடினமாக இருக்கிறது என்று சொல்லி மிருதுவான ரகம் வரவழைத்தோம், அப்போதும் கிழிந்தது. அந்தக் கடினமான விரல்கள் இன்னும் ஒரு சாக்கில் கிடக்கின்றன.

குற்றம் டிரம்மில் இல்லை, வெந்நீரில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. அம்மாவுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்தால்தான் திருப்தி. “கோழி என்ன குளிக்கவா போகுது, நல்லா கொதிக்கட்டும்டா” என்பார். கையால் பிடுங்கும்போது அது பரவாயில்லை, மூன்று வினாடி முக்கி எடுத்துவிடுவார்கள், பிடுங்கும் கையும் பார்த்துப் பார்த்துப் பிடுங்கும். மெஷினுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. அவ்வளவு சூட்டில் தோல் பாதி வெந்துபோகிறது, வெந்த தோலை ரப்பர் விரல் கிழித்துவிடுகிறது. ரங்கூனிலிருந்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவந்து கோழி முக்கும் நேரத்தில் வைத்துப் பார்த்தபோது, கொதி அடங்கியும் 84 டிகிரி காட்டியது.

இப்போது நாங்கள் வைக்கும் சூடு பிராய்லருக்கு 60 டிகிரி, முக்கால் நிமிடம். நாட்டுக்கோழிக்கு 62, 63, ஒரு நிமிடம் அல்லது கொஞ்சம் மேலே. காலைப் பிடித்து முக்கி மேலும் கீழுமாக அலைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் இறகுக்கு அடியில் தண்ணீர் போகும். எடுக்கலாமா என்று பார்க்க வாலில் ஒரு பெரிய இறகை இழுத்தால் போதும். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வர வேண்டும். காலில் உள்ள மஞ்சள் செதில் தோலும் நகத்தால் கீறினால் உரிந்துவரும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நன்றாகக் கொதித்த தண்ணீர் பாதி, கிணற்றுத் தண்ணீர் பாதி. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் 28 டிகிரி இருக்கும், இரண்டையும் கலந்தால் 64 வரும். பாத்திரம் கொஞ்சம் சூட்டைக் குடித்துக்கொண்டால் 62. முதல் நாலைந்து கோழிக்கு இது அச்சாகப் பொருந்தும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோழியும் சூட்டை இறக்கிக்கொண்டே போகும், அடுப்பு வேண்டும்.

எங்கள் வெந்நீர் டிரம் வெறும் இரும்பு டிரம்மின் பாதி, அடியில் உமி அடுப்பு. நெல் விளைகிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை, மில்லில் அள்ளிக்கொண்டு வரலாம். உமி ஒரே சீராக எரியும், விறகு மாதிரி திடீரென்று தீப்பிடித்து ஏறாது. அதனால் ஒருவர் பக்கத்தில் குவளையோடு நின்று சூடு ஏறினால் பச்சைத் தண்ணீர் விட்டால் போதும். அந்த வேலை அம்மாவுக்கு. தெர்மாமீட்டரை முதலில் பொம்மை என்றவர், இப்போது அதை வேறு யாரையும் தொட விடுவதில்லை. இரும்பு டிரம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து ஓட்டை விழும். மாற்றுவது சுலபம் என்பதால் எவர்சில்வருக்குப் போகவில்லை.

வாத்தைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்வதில்லை. வாத்துக்கு 68, 70 டிகிரி, இரண்டு நிமிடம், தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வேண்டும். இல்லாவிட்டால் இறகில் உள்ள எண்ணெய் தண்ணீரை உள்ளே விடாது. இவ்வளவு செய்தும் மெஷின் பெரிய இறகை மட்டும்தான் எடுக்கும், அடிப்பஞ்சு அப்படியே இருக்கும். மிச்சம் கைவேலை. வாத்துக்காக மட்டும் யாராவது இந்த டிரம் செய்ய நினைத்தால் வேண்டாம் என்பேன்.

நாட்டுக்கோழியிலும் மெஷின் முழுசாக முடித்துத் தராது. கறுப்பு இறகுக் கோழியில் முளைக்கிற இறகின் குருத்துமுனைகள் தோலுக்குள் தங்கும், மெல்லிய ரோமமும் இருக்கும். நம் ஆட்களுக்குத் தோலோடுதான் வேண்டும், மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் வாட்டினால்தான் அது கோழி. அந்த வாசனைக்கு மெஷின் கிடையாது. அத்தை உட்கார்ந்தபடியே வாட்டிக்கொடுக்கிறார்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டு மின்சாரத்தில் ஒரு பெரிய பங்கு அணைகளிலிருந்து வருகிறது, கோடையில் தண்ணீர் குறையும். 2021க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம், கரண்ட் வருவது முறை வைத்துத்தான். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் சமயம் கோழிக்கு நல்ல கிராக்கி, அப்போது பார்த்துக் கரண்ட் இருக்காது. வெந்நீரில் முக்கி எடுத்த கோழி காத்திருக்காது, ஆறினால் இறகு மறுபடி இறுகிக்கொள்ளும். முதலில் சைக்கிள் பெடல் வைத்துப் பார்த்தோம். ஊரில் பந்து விளையாடுகிற இரண்டு பையன்கள் மாறி மாறி மிதித்தார்கள். நாலு கோழிக்குமேல் முடியாமல் ஓடிப்போனார்கள். பிறகு ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினோம். அதை 1800 சுற்றில் ஓடவிட்டு, நடுவில் இன்னொரு தண்டு போட்டு இரண்டு கட்டமாகக் குறைக்கிறோம்: மூன்று அங்குலத்திலிருந்து ஆறு, மறுபடி மூன்றிலிருந்து ஒன்பது. 300 சுற்று வருகிறது. எஞ்சின் சுவருக்கு வெளியே, பெல்ட் மட்டும் ஓட்டை வழியாக உள்ளே. புகை கறியில் படக்கூடாது. கரண்ட் இருந்தால் மோட்டார், இல்லாவிட்டால் எஞ்சின், பெல்ட்டை மாற்றி மாட்ட ஐந்து நிமிடம்.

பெல்ட் என்றதும் ஒன்று. இங்கே ஆண், பெண் எல்லாரும் லுங்கிதான். மூன்றாவது மாதம் என் லுங்கியின் முனை பெல்ட்டில் மாட்டிச் சுருட்டிக்கொண்டு போனது. முடிச்சு அவிழ்ந்ததால் மானம் போனது, கால் தப்பித்தது. அன்றைக்கு மாலையே மச்சான் தகரத்தில் பெல்ட்டைச் சுற்றி முழு மூடி அடித்தான். இதைச் செய்கிறவர்கள் மூடியை முதலில் அடித்துவிட்டு அப்புறம் டிரம்மைத் துளைக்கலாம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால் மோட்டாருக்கு எர்த், கசிவு வந்தால் விழுகிற 30 மில்லிஆம்பியர் டிரிப்பர், தரையிலிருந்து இடுப்புயரத்தில் சுவிட்ச் இவையும் கட்டாயம்.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாத தகரப் புனல். மேல்வாய் 25 சென்டிமீட்டர், கீழ்வாய் 10, உயரம் 35. இரண்டு கிலோ கோழிக்குச் சரியாக இருக்கும். தலை கீழே வெளியில் வரும், இறக்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனதும் கோழி அடங்கிவிடுகிறது. முன்பு கையில் பிடித்து அறுத்தால் படபடவென்று அடித்து இறக்கை முறியும், ரத்தம் கட்டும், சட்டையெல்லாம் தெறிக்கும். இப்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒரே வெட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் ரத்தம் முழுவதும் வடிந்துவிடுகிறது. கத்தி மட்டும் ஒவ்வொரு பத்துக் கோழிக்கும் சாணை பிடிக்க வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் முஸ்லிம் அண்ணன் தன் கோழிக்குத் தானே வந்து பிஸ்மி சொல்லி அறுத்துக்கொள்வார். புனல் அவருக்கும் பிடித்துவிட்டது. உயிர் முழுதும் அடங்குவதற்கு முன்னால் வெந்நீரில் போடக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். நாங்களும் எல்லாக் கோழிக்கும் அதையே வைத்துக்கொண்டோம்.

முந்தின இரவு தீனியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வைப்போம், பத்து மணி நேரமாவது. தீனிப்பை நிறைந்திருந்தால் சுத்தம் செய்யும்போது எல்லாம் உடைந்து கறியில் கொட்டும். சுத்தம் செய்ததும் மீன் ஐஸ் வாங்கிப் போட்ட தொட்டியில் இறக்கிவிடுவோம். சோர்ந்த, மூச்சு வாங்குகிற கோழியை மட்டும் இந்த வரிசைக்கே கொண்டுவருவதில்லை. 2006இல் மண்டலைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது ஊரே பயந்தது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. டிரம்மில் சுற்றினால் தண்ணீர் நாலா பக்கமும் தெறிக்கும், நோய்க் கோழி ஒன்று போதும்.

ஆறு வருடத்தில் என்னென்ன தேய்ந்தது? ரப்பர் விரல்களில் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அறுந்துபோகும், பெரும்பாலும் தட்டில் உள்ளவை. கொழுப்பும் வெயிலும்தான் எதிரி. சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் வைத்தால் நாள் வரும். ஒரு கடையில் எவர்சில்வர் என்று சொல்லித் தந்த தட்டு ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தது. கேட்கப் போனால் “நீங்க பிளீச் ஊத்தினீங்க” என்றார்கள். ஊற்றியது உண்மைதான், ஊற்றி அப்படியே விட்டதும் உண்மை. இப்போது கழுவிய பிறகு பிளீச் தண்ணீர், பத்து நிமிடத்தில் மறுபடி நல்ல தண்ணீர். மரக்கட்டையில் செய்த முதல் சட்டம் இரண்டு வருடத்தில் உளுத்தது, இரும்பு ஆங்கிளில் மாற்றினோம். பேரிங் இரண்டு தடவை போனது. அதற்கு மேலே ஒரு ரப்பர் வட்டை போட்டுத் தண்ணீரைத் தடுத்த பிறகு தொந்தரவில்லை.

விலை எழுதலாம் என்று நினைத்தேன். கியாட் கணக்கில் எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும். மோட்டாரும் விரல்களும்தான் பெரிய செலவு, மற்றதெல்லாம் பழைய சாமான். வருடத்துக்கு ஐம்பது கோழிக்குக் குறைவாக அறுக்கிறவர்கள் டிரம்மை விட்டுவிட்டுப் புனலும் தெர்மாமீட்டரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சரியான சூட்டில் முக்கினால் கையாலேயே ஐந்து நிமிடத்தில் ஒரு கோழி முடிந்துவிடும். நாற்பது கோழிக்கு இப்போது எங்கள் வீட்டில் அறுப்பதும் பிடுங்குவதும் நான், மச்சான் இரண்டே பேர், ஒன்றரை மணி நேரம். குவளைக்கு அம்மா, தீக்கு அத்தை.

இறகு எல்லாம் உமிச் சாம்பலோடு சேர்ந்து குழியில் மட்குகிறது, வாழைக்குப் போடுகிறோம். நீல டிரம்மின் விளிம்பில் போன மாதம் ஒரு விரிசல் கண்டிருக்கிறது, கம்பி வைத்துத் தைத்திருக்கிறோம். புது டிரம் வந்துவிட்டது, துளை போடுவதற்கு மச்சானைத்தான் காணோம்.