டோர்செட்ஷயர் 1/700 கிட்: சில வருடங்கள் கூடவே இருந்த பிறகு

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் குரூசர் (வேகமான பீரங்கிப் போர்க்கப்பல்) எச்.எம்.எஸ். டோர்செட்ஷயரின் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஒரு கப்பல் மாடலின் தரம் கட்டி முடித்த வாரத்தில் தெரியாது. என்னுடையது கொழும்பின் உப்புக் காற்றில் சில வருடங்கள் இருந்துவிட்டது, இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

நீர்மட்டத்தோடு முடிகிற வகை, அடிப்பாகம் கிடையாது. அசல் கப்பல் கிட்டத்தட்ட 193 மீட்டர், 1/700-ல் அது 27.5 செ.மீ. வரும். உடல், தளம், நான்கு இரட்டை 8 அங்குல பீரங்கிக் கூண்டுகள் எல்லாம் சிரமமில்லாமல் பொருந்தின. மூன்று புகைபோக்கிகளில் மட்டும் ஒட்டுக் கோடு தெரியும், பொறுமையாகத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் தடித்த நடுப் புகைபோக்கியும் அதன் இரண்டு பக்கமும் மெலிந்த இரண்டும்தான் இந்தக் கப்பலின் முகமே. கப்பல் சுமந்து செல்லும் வால்ரஸ் என்ற சின்னக் கடல் விமானத்தின் இறக்கைத் தாங்கிகள் ரொம்ப மெல்லியவை, கடைசியில் ஒட்டுங்கள்.

இனி, வருடங்கள் காட்டியவை. மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த (எட்ச்) கைப்பிடிக் கம்பிகளைத் தனியாக வாங்கிப் போட்டிருந்தேன். பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) நன்றாகப் பிடித்த இடங்கள் இன்றும் புதுசு போல இருக்கின்றன, மூலைகளில் பிரைமர் சரியாகப் படாத இடங்களில் பித்தளை கறுத்து பெயின்ட் உரிகிறது. சூப்பர் க்ளூ ஒட்டு காலப்போக்கில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது, அலமாரியைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே கம்பியின் ஒரு முனை எழும்பிவிடும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டியது ஒன்றுகூட அசையவில்லை. கொடிமரக் கயிறுகளை ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டம்) சூடாக்கி இழுத்துத்தான் செய்தேன், சில இடங்களில் தொய்ந்தன, சுடர் அணைந்து புகைகிற ஊதுபத்தியின் கனலை அருகில் காட்டினால் அப்படியே விறைத்துக்கொள்ளும். தொடக்கூடாது, தொட்டால் அறுந்துவிடும். கண்ணாடிப் பெட்டி கட்டாயம் வேண்டும், இந்த அளவில் கம்பிகளுக்கு நடுவே படிந்த தூசியைத் துடைக்க வழியே இல்லை.

ஆனால் இந்த மாடலை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. தினமும் பார்க்கப் பார்க்கக் கப்பலின் பலவீனம் கண்ணுக்குப் புலப்படுகிறது. போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்திய 1922 வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் வைத்த 10,000 டன் வரம்புக்குள் பெரிய பீரங்கியும் நீண்ட தூர ஓட்டமும் வேண்டுமென்று கட்டியதால் கவசத்தில்தான் கை வைத்தார்கள். பக்கச் சுவர் உயரம், பார்க்கக் கம்பீரம், தகடு மெல்லியது. இரட்டை 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நான்கும் நடுப்பகுதியில் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் கப்பலை இயக்கும் மேடை (பிரிட்ஜ்) உயர்ந்து நிற்கிறது. மாடலை மூக்குப் பக்கமாகத் திருப்பி, மேலேயிருந்து சாய்வாகப் பாருங்கள், அந்தத் திசையை நோக்கிச் சுட எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று புரியும்.

1941 மே 27 அன்று ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் பிஸ்மார்க் மீது கடைசி டார்பிடோக்களை விட்டது இதே கப்பல்தான். அடுத்த ஏப்ரலில் கொழும்பில் பழுதுபார்ப்பில் இருந்தது, ஜப்பானிய விமானந்தாங்கிகள் வருகின்றன என்று தெரிந்ததும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இன்னொரு பிரிட்டிஷ் குரூசரான கார்ன்வாலோடு சேர்ந்து, அட்மிரல் சோமர்வில்லின் பிரிட்டிஷ் கடற்படையைச் சேரப் புறப்பட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது, பிற்பகலில் தெற்கே நடுக்கடலில் மேலேயிருந்து பாய்ந்து குண்டு போடும் ஜப்பானிய டைவ் விமானங்கள் இரண்டு கப்பல்களையும் பிடித்துவிட்டன. டோர்செட்ஷயர் மூழ்க எட்டு நிமிடம் போலத்தான் ஆனது. இரண்டிலுமாக 424 பேர் இறந்தார்கள். பிழைத்த 1,122 பேரும் மறுநாள் வரை தண்ணீரில் கிடந்தார்கள், அப்புறம்தான் பிரிட்டிஷ் குரூசர் என்டர்பிரைஸும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் வந்து தூக்கின. பிஸ்மார்க்கை அறிந்த அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை, கொழும்பிலேயே பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

பணம் அளவாக இருந்தால் பித்தளைப் பீரங்கிக் குழாய்களை விட்டுவிடுங்கள், கிட்டில் வருபவை போதும். அந்தப் பணத்தைக் கைப்பிடிக் கம்பிக்கும் பிரைமருக்கும் போடுங்கள். அடுத்து கார்ன்வாலைக் கட்டப் போகிறேன். அதன் பின்பகுதியில் பெட்டி மாதிரியான பெரிய விமானக் கொட்டகை இருப்பதால், அக்கா தங்கை போன்ற இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.