விசா கேன்சல் தாளில் கையெழுத்திடும் முன் கிராஜுவிட்டிக் கணக்கைப் பாருங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கரை ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2023 டிசம்பர் 31 அன்று நானாகவே விலகினேன். எனக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டியில், அதாவது வேலை முடியும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடையில், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை அந்த நிறுவனம் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டு ஊர் திரும்பும் நிலையில் இருப்பவர்கள் அதே வலையில் விழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசி நாளன்று எச்.ஆர். அலுவலர் என் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று விசா கேன்சலுக்கானது. எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகத்தின் கீழ், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி இட்டிருந்தார். மற்றொன்று மூன்றே வரியில் முடிந்த கணக்கு: மொத்தம் 3,360 திர்ஹம். பணம் பிறகு வங்கியில் ஏறும் என்றார். கைக்கு வராத பணத்தை வந்ததாக நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்த 14 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டிய அந்தத் தொகை, ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது.

அதன் பிறகே கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. என் அடிப்படைச் சம்பளம் 1,800 திர்ஹம். ஒரு நாளுக்கு 60, ஆண்டுக்கு 1,260. நான்கரை ஆண்டுக்கு 5,670 வர வேண்டும். ஓராண்டைக் கடந்தவருக்கு மீதி மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு என்றிருக்க, அவர்கள் என் ஆறு மாதங்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சம்பளமில்லா விடுப்பு நாட்களைத்தான் கழிக்கலாம். நான் அப்படி ஒரு நாளும் எடுத்ததில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் அந்தக் கணக்குத் தாளின் இரண்டாவது வரியில் இருந்தது. "ராஜினாமா" என்று எழுதி, தொகையை மூன்றில் இரண்டாகக் குறைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் ஐந்து ஆண்டுக்குள் தானாக விலகுபவருக்கு அப்படிக் குறைக்கும் விதி 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. நாள்தோறும் இதே கணக்கைப் போடும் ஓர் அலுவலகத்துக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மனிதவள அமைச்சகத்தின் செயலி வழியாகப் புகார் கொடுத்தேன். கையெழுத்திட்ட தாளை நிறுவனம் காட்டியது; என் வங்கிக் கணக்கு விவரத்தில் 3,360 மட்டுமே வந்திருந்ததை நான் காட்டினேன். சமரசப் பேச்சில் மீதி 2,310 திர்ஹத்தைத் தர ஒப்புக்கொண்டு, தந்தும்விட்டார்கள்.

ஒன்றை மட்டும் மீட்க முடியவில்லை. எனக்கு 600 திர்ஹம் சம்பளம் உயர்ந்தபோது அதை அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பதாக வாய்வார்த்தையில் சொன்னவர்கள், பதிவு செய்த ஒப்பந்தத்தில் அலவன்ஸாகக் காட்டியிருந்தார்கள். கிராஜுவிட்டியில் அலவன்ஸுக்கு இடமில்லை. அந்த 600 அடிப்படையில் சேர்ந்திருந்தால் இன்னும் 1,890 திர்ஹம் கிடைத்திருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். அதன் நகலை உங்கள் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே விலகிக் குறைவாகப் பெற்றவர்களும் கேட்கலாம். 2024இல் வந்த திருத்தத்தின்படி, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். ஒரு லட்சம் திர்ஹத்தைத் தாண்டாத தொழிலாளர் கோரிக்கைகளுக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை.