நட்சத்திரமா, சமன் அணியா, பொடியன்களா? பாஸ்கெட்பால் ஜீஎம் டிராஃப்ட் அலசல்

ஒழுங்கையில் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது உத்தி எடுப்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப்போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து "சூரியனா, சந்திரனா?" என்று கேட்பார்கள். எதைச் சொன்னால் யார் வருவார் என்று தலைவனுக்குத் தெரியாது. டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தெரிவது, அதற்கு நேர் எதிர். எல்லாருடைய மதிப்பெண்ணும் சம்பளமும் வயதும் திரையில் விரிந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் பாதிப்பேர் உத்தியில் ஆள் எடுப்பதுபோலத்தான் இங்கும் எடுக்கிறார்கள்.

இங்கே பேசுவது பாஸ்கெட்பால் ஜீஎம் பற்றி. நீங்கள் ஒரு கூடைப்பந்து அணியின் முகாமையாளராக (ஜெனரல் மனேஜர்) ஆள் எடுத்து அணியை நடத்தவேண்டும். பிரவுசரிலேயே ஓடும் இலவச விளையாட்டு, பழைய போனும் தாங்கும். புனித மிக்கேல் கல்லூரியில் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் பயிற்சி கொடுத்த காலத்திலிருந்தே கூடைப்பந்து மட்டக்களப்புக்குச் சொந்த விளையாட்டு. ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பொடியன்களுக்கு இது தோதான பொழுதுபோக்கு. ஒருவர் லீக்கைத் தொடங்கி, அந்தக் கோப்பை ஏற்றுமதி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கல்லடியில் இருப்பவரும் கல்முனையில் இருப்பவரும் ஒரே வீரர் கூட்டத்திலிருந்து தனித்தனியாகத் தொடங்கலாம். ஏற்றுமதியில் ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளிவிபரமான பொக்ஸ் ஸ்கோரைச் சேர்க்காமல் விட்டால் கோப்பு சிறிதாகும், டேட்டாவும் மிஞ்சும்.

ஃபன்டசி டிராஃப்டில் 30 அணிகளின் வீரர்களும் ஒரே குவியலாக வருவார்கள். தெரிவு வரிசை பாம்புபோல வளைந்து திரும்பும். முதல் சுற்றில் முதலாவதாக எடுப்பவருக்கு அடுத்த முறை 60ஆவது தெரிவில்தான் வரும், உடனே 61உம் அவருக்கே. கடைசி ஆளுக்கு 30, 31 இரண்டும் சேர்ந்தே வரும். நடுவில் 15ஆம் இடத்தில் இருப்பவருக்கு 15, 46, 75, 106. எந்த உத்தி சரி என்பதில் பாதியை இந்த எண்களே முடிவுசெய்துவிடும்.

முதலில் பெரிய சண்டை: ஒரு நட்சத்திரத்தை எடுத்து மிச்சத்தைச் சில்லறையால் நிரப்புவதா, எல்லா இடத்திலும் நடுத்தர ஆட்களை வைப்பதா?

இந்த விளையாட்டு அணியின் பலத்தைக் கணக்கிடும்போது பத்து வீரர்களை ஓவரோல் (ஒருவரின் மொத்தத் திறமை மதிப்பெண்) வரிசையில் அடுக்குகிறது. முதல் ஆளுக்கு முழு எடை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பத்தாவது ஆளின் எடை முதல் ஆளின் எடையில் ஐந்தில் ஒன்றும் இல்லை. இரண்டு அணிகளை வைத்துக் கணக்குப் போட்டால் விளங்கும்.

நட்சத்திர அணி: 74, 62, 52, 48, 46, 45, 44, 43, 42, 40. கூட்டுத்தொகை 496.

சமன் அணி: 60, 59, 57, 55, 53, 50, 48, 46, 44, 42. கூட்டுத்தொகை 514.

வெறும் கூட்டலில் சமன் அணி 18 முன்னால். எடை போட்டுப் பார்த்தால் நட்சத்திர அணிக்கு 274.1, சமன் அணிக்கு 273.5. மூன்றாவது இடம் தொடக்கம் பத்தாவது இடம்வரை எட்டு இடத்திலும் தோற்ற அணி, முதல் இரண்டு இடத்தால் மட்டும் தலையை நிமிர்த்திவிடுகிறது. சீசன் கடைசியில் வரும் வெளியேற்றுச் சுற்றான பிளேஓஃபில் முதன்மை ஆட்டக்காரருக்கு நிமிடங்கள் கூடுவதால் இந்தச் சாதகம் அங்கே இன்னும் பெருகும். பெஞ்சுக்கான 42, 44 ஆட்கள் சீசன் நடுவிலும் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியிலும் இல்லாதவர்) பட்டியலில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கிடைப்பார்கள். 74 அங்கே கிடைக்கமாட்டார்.

மறுபக்கமும் உண்டு. முதல் ஆளுக்குக் காயம் வந்து, கடைசியில் ஒரு 38 உள்ளே வந்தால் நட்சத்திர அணி 247க்குச் சரிகிறது. சமன் அணி தன் 60ஐ இழந்து ஒரு 40ஐச் சேர்த்தாலும் 264இல் நிற்கும். ஆகவே ஒரே சீசன் விளையாடி யார் கெட்டிக்காரன் என்று பார்க்கும் கூட்டத்துக்குச் சமன் அணி காப்புறுதி மாதிரி. மூன்று சீசனுக்கு மேல் என்றால் அந்தக் காப்புறுதிக்குக் கட்டும் விலை கூட. நட்சத்திரம்தான் சரி.

ஆனால் நட்சத்திரம் கைக்கு எட்டுமா என்பது தெரிவு இடத்தைப் பொறுத்தது. 70ஐத் தாண்டியவர்கள் லீக்கில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முதல் ஐந்து தெரிவுக்குள் இருந்தால் யோசிக்கத் தேவையில்லை. 25க்குப் பிறகு என்றால் அந்த ஆசையை விட்டு, அடுத்தடுத்து வரும் இரண்டு தெரிவிலும் ஒரே தரத்து இரட்டையை எடுப்பது நல்லது. நடுவில் 12 தொடக்கம் 18 வரை மாட்டியவர்தான் பாவம். அந்த இடத்தில் இருந்துகொண்டு நட்சத்திர உத்தியைப் பிடிவாதமாகப் பின்பற்றுகிறவர்கள், 64ஐ நட்சத்திரம் என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டு இழுத்துத் திரிவார்கள். அங்கே சமன் அணிதான் மானமான வழி.

இரண்டாவது சண்டை வயதில். "முதல்ல பொடியனுகள எடுப்பம் மச்சான், மறுகா பாப்பம்" என்று தொடங்கும் அணிகள் கடைசி இடத்தில் கிடப்பதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு வளரலாம் என்று காட்டும் பொட்டென்ஷல் என்ற எண் வாக்குறுதி இல்லை, மதிப்பீடு. 19 வயதில் 42 ஓவரோல், 71 பொட்டென்ஷல் உள்ள ஒருவர் 75ஐயும் தொடலாம், 50இலும் நின்றுவிடலாம். போதாக்குறைக்கு இளம் வீரர்களின் காட்டப்படும் மதிப்பெண்ணிலேயே ஒரு மங்கல் கலந்திருக்கும். ஸ்கவுட்டிங் (புது வீரர்களை நோட்டமிடும்) செலவைக் குறைத்த அணிக்கு அந்த மங்கல் கூடும். இரண்டு மூன்று சீசன் வளர்ச்சி இல்லாமல் போனால் ஓவரோல் ஏறாது, பொட்டென்ஷல் இறங்கிவரும். அப்போது விற்கப் போனால் வாங்க ஆள் இல்லை.

கணினி அணிகள் வீரர்களை மதிப்பிடும் முறையும் இங்கே உதவும். 24க்குக் கீழே என்றால் பொட்டென்ஷலையும் கலந்து மதிப்பைக் கூட்டிப் போடும். 29ஐத் தாண்டினால் குறைத்துப் போடும். அதனால் 30, 31 வயதில் இன்னும் 60 ஓவரோலுடன் இருப்பவர், அதே மதிப்பெண்ணுள்ள 25 வயதுக்காரர் போய் நெடுநேரத்துக்குப் பிறகும் பட்டியலில் கிடப்பார். மூன்றாவது சுற்று தொடக்கம் ஆறாவது வரை இப்படிக் கிடப்பவர்களைப் பொறுக்குவதுதான் இந்த டிராஃப்டில் மிக மலிவான வெற்றி. எறிதலிலும் ஆட்ட அறிவிலும் நிற்பவர்களையே பாருங்கள். வேகமும் பாய்ச்சலும் வயதோடு முதலில் போகும். மூன்று புள்ளி எறிதல் தாக்குப்பிடிக்கும். வேகத்தை நம்பி வாழும் 31 வயது கார்டை (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரரை) எடுத்தால் அடுத்த சீசனே கை சுடும்.

அப்படியானால் பொடியன்களை எடுக்கவே கூடாதா? ஃபன்டசி டிராஃப்டின் முதல் எட்டுச் சுற்றில் 19, 20 வயதுக்காரருக்கு இடமில்லை என்பது எங்கள் முடிவு. அவர்களை ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களுக்காக வரும் வழமையான டிராஃப்டில் எடுங்கள். முதல் சுற்றில் எடுத்தவருக்கு மூன்று ஆண்டு, இரண்டாம் சுற்றில் எடுத்தவருக்கு இரண்டு ஆண்டு மலிவு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 22, 23 வயதுக்காரர், ஏற்கெனவே 58ஐத் தொட்டவர், குவியலில் கண்ணில் பட்டால் மட்டும் விதியை மீறலாம். அவர் இன்று விளையாடுவார், நாளை வளர்வார், சம்பளமோ சொற்பம்.

சம்பளத்தைப் பார்க்காமல் எடுப்பதுதான் ஃபன்டசி டிராஃப்டில் நடக்கும் பெரிய பிழை. வீரர் தன் பழைய ஒப்பந்தத்தோடுதான் வருகிறார். உச்சச் சம்பளம் வாங்கும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் அணியின் சம்பளக் கூரைக்கு (மொத்தச் சம்பள எல்லைக்கு) மேலே போய், வெளியில் இருந்து குறைந்தபட்சச் சம்பள ஆட்களைத் தவிர வேறு யாரையும் எடுக்க முடியாது. டிரேட்டிலும் (அணிகள் ஆள் மாற்றிக்கொள்வது) கொடுப்பதைவிடக் குறைவான சம்பளத்தையே வாங்கலாம். வரி எல்லையையும் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு டொலருக்கும் ஒன்றரை டொலர் வரி. சமன் அணிக்காரர்கள் இந்தக் குழியில் அதிகம் விழுவார்கள், ஏனென்றால் 55 ஓவரோல் ஆட்கள் பலர் தகுதிக்கு மிஞ்சிய சம்பளத்தில் இருப்பார்கள். இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் ஒப்பந்தம் மலிவாக உள்ளவரை எடுங்கள்.

உயரமா, கார்டா? நம்ம பாடசாலைக் கோட்டில் ஆறடி இரண்டு அங்குலப் பொடியன் சென்டர் (கூடைக்கடியில் நிற்கும் உயர்ந்த ஆள்). இங்கே அவர் கார்ட். பந்தைக் கையாளுபவரை முதலில் தேடும் பழக்கம் நிஜ மைதானத்தில் சரி, இங்கே சற்றுப் பிழையாகும். ஓவரோல் கணக்கில் உயரத்துக்கும் வேகத்துக்கும்தான் மிகப் பெரிய எடை, அதற்குப் பிறகு மூன்று புள்ளி எறிதல். கூடைக்கடியில் போடும் திறமைக்கு எடை மிகச் சிறிது. ஐந்து பேரில் இரண்டு எறிபவர், ஒரு பந்து கையாளுபவர், ஒரு பாஸ் கொடுப்பவர் என்று திறமை அடையாளங்கள் அமைந்தால் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கும் போனஸ் கிடைக்கும். இதைக் கடைசிச் சுற்றுகளில் சமமானவர்களுக்கு இடையே தெரிவு செய்யப் பயன்படுத்துங்கள். ஓவரோலில் ஐந்து குறைந்தவரை அடையாளத்துக்காக எடுக்கவேண்டாம்.

டிராஃப்ட் முடிந்த கையோடு இரண்டு வேலை. ஒன்று, 30 தாண்டியவர்களின் பெயரைக் குறித்துவைத்து, சீசன் நடக்கும்போதே, டிரேட் காலக்கெடுவுக்கு முன் வெற்றி தேடும் அணிகளிடம் தள்ளுவது. மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் அடுத்த ப்ரீசீசன் (சீசனுக்கு முந்திய காலம்) தொடங்கும் கணத்தில்தான். அதுவரை வைத்திருந்தால் 60 என்று இருந்தவர் 55ஆக விழிப்பார். மீளக்கட்டும் அணிகளிடம் அவர்களைக் கொண்டுபோனால் விலை கிடைக்காது, அங்கே இளையவரும் டிராஃப்ட் தெரிவும்தான் காசு. மற்றது, லீக் கோப்பை உடனே இன்னொரு தடவை ஏற்றுமதி செய்து வைப்பது. எல்லாம் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் யாரோ போனில் இடம் போதவில்லை என்று பிரவுசர் தரவை அழித்தால் 74உம் போச்சு, 38உம் போச்சு.