701-லிருந்து 754 சிசி: எண்ணூர் முகத்துவாரத்தில் என் சூப்பர்ஜெட்

என் எடை 88 கிலோ. நான் ஓட்டுவது நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீ; அதன் எஞ்சினைப் பெரிதாக்கும் யோசனை வந்ததே அதனால்தான். உட்கார்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கீ, ஆள் ஏறினாலும் படகு மாதிரி மிதக்கும். நின்று ஓட்டுவது அப்படியில்லை. ஓடாமல் நிற்கும்போது ஆளோடு சேர்ந்து அமிழும். வயிற்றால் படுத்து, த்ராட்டில் கொடுத்து, முட்டி போட்டு, வேகம் பிடித்த பிறகுதான் எழுந்து நிற்க முடியும். அந்த முதல் நாலைந்து விநாடியில் எஞ்சினுக்கு இழுப்பு இல்லையென்றால் அடுத்த அலை ஆளைப் புரட்டிவிடும். எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் தவித்த நாட்கள் எனக்கு நிறைய.

வண்டி யமஹா சூப்பர்ஜெட். கோவாவில் சுற்றுலாத் தொழிலை விட்ட ஒருவரிடம் 2020-ல் வாங்கினேன். இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 701 சிசி, 38 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர் இரண்டு, 73 குதிரைத்திறன். இந்த எஞ்சின் குடும்பத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம்) மாறவே இல்லை. எப்போதும் 68 மி.மீ. 1990-ல் வந்த முதல் சூப்பர்ஜெட்டில் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 77 மி.மீ., அது 633 சிசி. பிறகு 81 மி.மீ. ஆகி 701 வந்தது. உட்கார்ந்து ஓட்டும் மாடல்களில் வந்த '760' எஞ்சினில் போர் 84 மி.மீ. பெயர்தான் 760, கணக்குப் போட்டால் 754 சிசி.

நான் நேராக 84-க்குப் போகவில்லை. முதலில் பழைய சிலிண்டரையே அரை மி.மீ. போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். 81.5 மி.மீ. என்றால் 709 சிசி. எட்டு சிசி ஏறியது கையில் தெரியவே தெரியாது. அது பழுது நீக்கும் வேலை, பவர் ஏற்றும் வேலை அல்ல. அதிலும் போர் அடித்த பட்டறையில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பைக்குக்கு வைக்கும் இடைவெளியையே இதற்கும் வைத்துவிட்டார்கள். மூன்றாவது நாள், தண்ணீரில் இறக்கிய கையோடு முழு த்ராட்டில் கொடுத்தேன். பிஸ்டன் சிலிண்டரில் இறுகி எஞ்சின் பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பிஸ்டனிலும் நான்கு மூலையில் கீறல்.

கொருக்குப்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்தே டூ ஸ்ட்ரோக் வேலை செய்பவர். பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆர்.எக்ஸ். 100-ஐ காத்து கூல் பண்ணுது. பிஸ்டனும் லைனரும் சேந்து சூடாகும். இத கடலு கூல் பண்ணுது. லைனர் சில்லுன்னு கெடக்கும், உள்ள பிஸ்டன் மட்டும் பெருத்துடும். அப்புறம் எங்கப்பா போவும்?" லைனர் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள் சுவர். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டனாக இருந்ததால் இடைவெளி 0.1 மி.மீ. அளவுக்கு வேண்டும். பிஸ்டன் பெட்டியில் வந்த தாளிலேயே அது அச்சாகியிருந்தது. பட்டறையில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்கீயைச் சிலிண்டர் வேலைக்குக் கொடுப்பவர்கள் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். அன்றிலிருந்து இறக்கியதும் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடேற்றாமல் நான் த்ராட்டிலை அழுத்துவதே இல்லை.

2022-ல் 760 சிலிண்டரை அதற்குரிய ஹெட்டோடு (சிலிண்டரின் மேல் மூடி) வரவழைத்தேன். என் எஞ்சினின் அடிப்பெட்டியான கிரான்க் கேஸில் அப்படியே உட்கார்ந்தது. மாட்டுவது ஒரு நாள் வேலை, சரிசெய்ய ஒன்றரை மாதம் ஆனது.

பெரியவர் முதலில் கேட்டது சால்டரிங் ஈயக் கம்பி. அதை பிளக் ஓட்டை வழியாக சிலிண்டர் சுவர் வரை நுழைத்து, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். பிஸ்டன் மேலே வந்து கம்பியின் நுனியை நசுக்கியது. வெளியே எடுத்து வெர்னியரில் வைத்தால் 1.3 மி.மீ. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் ஓரத்தில் இருக்கும் சந்து அது. ரொம்பக் குறைந்தால் முட்டும், கூடினால் எரிபொருள் ஓரத்தில் தேங்கித் தானே வெடித்து எஞ்சின் தட்டும். "போதும், இதுக்கு மேல ஆசப்படாத" என்றார். கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை. சிலிண்டர் பெரிதானால் பெட்ரோலும் கூட வேண்டும். போதாததற்கு இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், ஆக அதே ஜெட்டில் கலவை இன்னும் வறண்டுபோகும். வறண்ட கலவையில் டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். தெரிந்த மீனவ அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகு கூடவே வர, ஆற்றுப் பக்கம் முழு த்ராட்டிலில் ஓட்டி, ஓடும்போதே ஸ்டாப் பட்டனை அழுத்தி, படகோடு கயிறு கட்டி அங்கேயே பிளக்கைக் கழற்றுவேன். முதல் நாள் பிளக் நுனி வெள்ளை, கலவை வறண்டிருக்கிறது என்று அர்த்தம். மெயின் ஜெட்டை இரண்டு படி ஏற்றினேன். நான்காவது தடவைதான் சரியான பிஸ்கட் நிறம் வந்தது. ஜெட் மாற்றியவர்கள் இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றம்தான். ஆர்.பி.எம். ஏறியது, வண்டி நகரவில்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைப் பின்னால் தள்ளும் பழைய இம்பெல்லர் புது சக்தியைத் தாங்காமல் தண்ணீரை நுரைக்க வைத்தது. இம்பெல்லர் இதழ்களின் பிட்சை (சாய்வை) ஏற்றிய பிறகுதான் 754 சிசி என்றால் என்னவென்று காலுக்குக் கீழே தெரிந்தது. முன்பு முட்டி போட்டபடி விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இப்போது கைப்பிடியைப் பிடித்து அழுத்தினால் அதுவே தூக்கி நிறுத்துகிறது. அலை முகட்டுக்கு முன்னால் ஒரு துளி த்ராட்டில் போதும், மூக்கு எழுகிறது. உச்ச வேகம் ஜிபிஎஸ்ஸில் நான்கைந்து கிலோமீட்டர்தான் கூடியது. வேகத்துக்காக இந்தச் செலவைச் செய்யாதீர்கள். 60, 65 கிலோ எடை இருப்பவருக்கு 701 தாராளம்.

பெட்ரோல் செலவு கூடியது உண்மை. 18 லிட்டர் டேங்க் முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும், இப்போது 50 நிமிடம். பெட்ரோலில் கலக்கும் ஆயில் லிட்டருக்கு 25 மில்லி, அவுட்போர்டு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ 3 ரகம் மட்டும். மீந்த பெட்ரோலை டேங்கில் விடுவதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கிறது, கார்புரேட்டர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) விறைக்கிறது. வருடா வருடம் டயாஃப்ரம் மாற்றுகிறேன்.

இந்தக் கடலில் எஞ்சினை விட அதிகம் அடிவாங்குவது பம்ப். கிளிஞ்சல் தூளும் மணலும் இம்பெல்லர் ஓரத்தைத் தின்றுவிடும். பம்ப் சுவருக்கும் இதழுக்கும் உள்ள சந்து அரை மி.மீ.யைத் தாண்டினால் ஏற்றிய பவரெல்லாம் அந்தச் சந்திலேயே ஒழுகிவிடும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்: எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும், குழாயை மூடிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கக் கருத்துப்போனது. கூட வந்து உதவிய அண்ணனின் வலையும் படகும் தாராகிக் கிடந்தன. அந்த சீசன் முழுவதும் நான் ஸ்கீயை இறக்கவில்லை; அங்கே விளையாட மனம் வரவில்லை. அவர் திரும்பத் தொழிலுக்குப் போன பிறகுதான் நானும் போனேன். இன்றும் வலை விட்டிருக்கும் பக்கம் போவதில்லை, துறைமுக எல்லைக்குள் நுழைவதில்லை.

754 ஆக்கிய பிறகு சுமார் 140 மணி நேரம் ஓடியிருக்கிறது. போன மாதம் ஹெட்டைக் கழற்றினேன். லைனரைத் தேய்த்துச் சீராக்கியபோது விழுந்த ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிகின்றன, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல். பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளி கூடியிருக்கிறது, அதாவது ரிங் தேய்ந்திருக்கிறது. புது ரிங் சொல்லியிருக்கிறேன். வாடைக்காற்று அடங்கும் வரை நேரம் இருக்கிறது, பொங்கல் கழிந்து இறக்க வேண்டும்.