ஃபில்டரை எங்கே பதிவு செய்வது: வெப் எக்ஸ்எம்எல்லா, அனோட்டேஷனா, ஸ்பிரிங்கா?

ஜாவா வெப் அப்ளிகேஷனில் ரிக்வெஸ்டை வழியில் நிறுத்திச் சோதிப்பது ஃபில்டர். அது ஓடவில்லை என்றாலோ, ஓடக்கூடாத இடத்தில் ஓடினாலோ முதலில் அதன் உள்ளே இருக்கும் நிரலைத்தான் குடைவோம். பெரும்பாலும் தப்பு அங்கே இருக்காது, அதை யூஆர்எல்லோடு கட்டிவைத்த விதத்தில் இருக்கும். கட்டுவதற்கு வழிகள் பல. எது எழுதச் சுலபம் என்பது எனக்கு முக்கியமில்லை, உடைந்தால் எதில் சீக்கிரம் பிடிபடும் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல் பழசு, ஒரு ஃபில்டருக்கு எட்டு வரி எழுத வேண்டும், யாருக்கும் பிடிக்காது. ஆனால் வரிசை கண்ணெதிரே இருக்கிறது: மேலே எழுதியது முதலில் ஓடும். ஒரு விதிவிலக்கு உண்டு, செர்வ்லெட் (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) பெயரைச் சொல்லிக் கட்டியவை எங்கே எழுதியிருந்தாலும் யூஆர்எல் பேட்டர்ன் சொல்லிக் கட்டியவற்றுக்குப் பிறகுதான் வரும்.

2009-ல் செர்வ்லெட் 3.0 கொண்டுவந்த @வெப்ஃபில்டர் ஓர் அனோட்டேஷன், அதாவது கிளாஸின் தலையில் ஒட்டும் குறிப்பு, ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் எந்த ஃபில்டர் முதலில் என்று அதில் சொல்ல முடியாது, செர்வ்லெட் விதிநூலும் எந்த உறுதியும் தருவதில்லை. லாகின் சோதிப்பது முன்னால் ஓட வேண்டும் என்றால் இதை நம்பாதீர்கள். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கைச் சுலபமாக ஓட்டவைக்கும் ஸ்பிரிங் பூட்டில் இன்னும் மோசம்: @செர்வ்லெட்காம்பொனன்ட்ஸ்கேன் போட மறந்தால் ஃபில்டர் ஓடாது, எரரும் வராது. சரி என்று @காம்பொனன்ட் ஒட்டினால் ஓடும், ஆனால் நீங்கள் கொடுத்த பேட்டர்னைக் கண்டுகொள்ளாமல் எல்லா யூஆர்எல்லுக்கும் ஓடும். இதில் எனக்கு ஒரு முழு நாள் போனது.

பூட் என்றால் என் ஓட்டு, ஃபில்டரை ஜாவாவிலேயே எழுதிப் பதிவு செய்யும் ஃபில்டர்ரெஜிஸ்ட்ரேஷன்பீனுக்குத்தான். பேட்டர்ன், வரிசை, டிஸ்பாட்சர் வகை (நேரடி ரிக்வெஸ்டா, ஃபார்வர்டா, எரரா) எல்லாம் ஒரே இடத்தில். ஸ்பிரிங் செக்யூரிட்டியின் செயினில் (ஃபில்டர் வரிசையில்) சேர்த்த ஃபில்டரே ஸ்பிரிங் நிர்வகிக்கும் பீனாகவும் இருந்து இரண்டு முறை ஓடுகிறதா? இதிலேயே அதன் தானியங்கிப் பதிவை அணைத்துவிடலாம்.

ஸ்பிரிங்கில் கன்ட்ரோலருக்கு முன்னும் பின்னும் ஓடும் இன்டர்செப்டரை ஃபில்டருக்கு மாற்று என்பார்கள், பாதிதான் உண்மை. எந்த கன்ட்ரோலர் மெத்தட் ஓடப்போகிறது என்று அதற்குத் தெரியும், ஆனால் அது இருப்பது ரிக்வெஸ்டைக் கன்ட்ரோலர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்பாட்சர் செர்வ்லெட்டுக்கு உள்ளே, அதனால் செக்யூரிட்டி வாசலிலேயே 401 (லாகின் இல்லை) கொடுத்துத் திருப்பிய ரிக்வெஸ்டை அது பார்க்கவே பார்க்காது.

அப்புறம் நட்சத்திரக் குழப்பம். ஃபில்டரில் /ஏபிஐ/* என்றால் அதன் கீழே எத்தனை அடுக்கு இருந்தாலும் பொருந்தும். அதையே இன்டர்செப்டரில் எழுதினால் ஒரே ஓர் அடுக்குதான், ஆழமாகப் போக /ஏபிஐ/** வேண்டும். சரி, அந்த இரட்டை நட்சத்திரத்தை ஃபில்டருக்குக் கொண்டுபோனால்? அது அங்கே வெறும் எழுத்து, அப்படியே ஒரு முகவரி வந்தால்தான் பொருந்தும், வரப்போவதில்லை. கான்டெக்ஸ்ட் பாத்தை (முகவரியில் அப்ளிகேஷனைக் குறிக்கும் முன்பகுதி) பேட்டர்னில் சேர்ப்பதும் இதே ரகத் தப்பு. டிஸ்பாட்சர் செர்வ்லெட்டை / என்பதற்குப் பதிலாக /* என்று கட்டினால் ஜேஎஸ்பி பக்கத்துக்கு ஃபார்வர்டு ஆவதும் அதனிடமே திரும்பி வந்து 404 ஆகும். ஃபார்வர்டு, எரர் பக்கங்களில் ஃபில்டர் ஓடவில்லையா? செர்வ்லெட் விதிப்படி, எதுவும் சொல்லாவிட்டால் நேரடி ரிக்வெஸ்டுக்கு மட்டும்தான் ஓடும்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் ஃபில்டரின் வேலை நடக்கும் டூஃபில்டர் மெத்தடின் முதல் வரியில் ஒரு லாக் போடுங்கள். அது அச்சாகவில்லை என்றால் மேப்பிங்கைப் பாருங்கள். அச்சாகி, 200-ம் வந்து, பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால் ரிக்வெஸ்டைச் செயினில் அடுத்த ஆளிடம் அனுப்ப மறந்திருப்பீர்கள். பூட்டில் கண்காணிப்புக் கருவியான ஆக்சுவேட்டரின் மேப்பிங்ஸ் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தால் பதிவான ஃபில்டர்கள் பேட்டர்னோடு அங்கே தெரியும்.

செர்வ்லெட்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் 10-ம் பதிப்புக்கு மாறும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும், அங்கே பேக்கேஜ் பெயரில் ஜாவக்ஸ் போய் ஜகார்த்தா ஆகிவிட்டது. பழைய ஃபில்டர் வெப் எக்ஸ்எம்எல்லில் இருந்தால் அப்ளிகேஷனே எழும்பாமல் லாகில் கத்தும். அனோட்டேஷனில் இருந்தால் சத்தமே இல்லாமல் காணாமல் போகும், பூட்டு இல்லாத கதவோடு சைட் ஓடிக்கொண்டிருக்கும்.