கொதிநீர்க் குழிக்கு எந்த பம்ப் பொருந்தும்? சப்மெர்சிபிளும் அதன் மாற்றுகளும்

திருப்பூர்ப் பகுதிச் சாயப்பட்டறைகளில் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களின் அடியில் ஒரு குழி இருக்கும். பருத்தித் துணியை வெளுக்கும் நீர் 95 டிகிரி செல்சியஸுக்கு மேலும், சாயம் ஏற்றும் நீர் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரியிலும், அதன்பின் சோப்புப் போட்டு அலசும் நீர் 90 டிகிரியை ஒட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். வேலை நெருக்கடியில் ஆறுவதற்கு முன்பே வால்வைத் திறந்துவிட்டால் அவ்வளவும் அந்தக் குழிக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து சேகரிப்புத் தொட்டிக்கு நீரை ஏற்ற எந்த பம்பைப் போடுவது என்பதைப் பல இடங்களில் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். மின்சாரமும் வெந்நீரும் மனிதர்கள் நடமாடும் ஈரத்தரையும் ஒன்றாகச் சேரும் இடம் அது என்பதால், அந்த முடிவை இன்னும் கவனமாக எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், கடையில் எளிதில் கிடைக்கும், மோட்டாரோடு நீரில் மூழ்கி ஓடும் சாதாரண சப்மெர்சிபிள் சம்ப் பம்ப். குழிக்குள் இறக்கி, ஹோஸைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டால் ஓடிவிடும் என்ற வசதிக்கு இணை வேறில்லை. ஆனால் அதன் பெயர்ப்பலகையைப் படித்தால், பெரும்பாலானவற்றில் நீரின் உச்ச வெப்பம் 40 டிகிரி என்றுதான் எழுதியிருக்கும். இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. அந்த மோட்டாரின் அமைப்பே அப்படி. தரைமேல் இருக்கும் மோட்டாரைப் பின்னால் உள்ள விசிறி குளிர்விக்கிறது. மூழ்கி ஓடும் மோட்டாருக்குச் சுற்றியுள்ள நீர்தான் குளிர்விப்பான். அந்த நீரே 75 டிகிரியில் இருக்கும்போது, மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றான வைண்டிங்கில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழி குறுகிவிடுகிறது. காப்புப் பூச்சின் வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மோட்டார் துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. 40 டிகிரி நீருக்கென வடித்த மோட்டாரை 75 டிகிரி நீரில் ஓடவிட்டால், ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய வைண்டிங் வாரக்கணக்கில் கருகுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

வைண்டிங் கருகுவதோடு முடிந்தால் அது பணநட்டம் மட்டுமே. அதற்கு முன்பே தண்டு வழியே நீர் புகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் ரப்பர் இறுகி, எண்ணெய் அறைக்குள் நீர் கசிந்து, அங்கிருந்து மோட்டாருக்குள் இறங்கும்போது, மின்சாரம் குழிநீருக்குள் கசியத் தொடங்குகிறது என்பதே கவலைக்குரியது. ஒரு பட்டறையில் ஒரே குழியில் மூன்று பம்புகள் அடுத்தடுத்துக் காயில் எரிந்து போயின என்று அழைத்திருந்தார்கள். குழிநீரில் வெப்பமானியை விட்டபோது 72 டிகிரி காட்டியது. மின்பெட்டியைத் திறந்து பார்த்தால், கசிவு மின்னோட்டம் வந்தால் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபியை விலக்கிவிட்டு, இணைப்பை நேராகக் கொடுத்திருந்தார்கள். “ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சுங்க சார், உற்பத்தி நின்னுருமேன்னு நேரா குடுத்துட்டேனுங்க” என்றார் அங்கிருந்த இளைஞர். அவருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தச் சொற்களை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கசிவு இருப்பதை ஆர்சிசிபி சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது, அதைத்தான் விலக்கியிருந்தார்கள்.

இரண்டாவது வழி, பம்பைத் தரைமேல் வைத்து, உறிஞ்சு குழாயை மட்டும் குழிக்குள் விடுவது. மோட்டார் வெளியே இருப்பதால் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் பம்ப் நீரை இழுப்பதில்லை. பம்ப் உண்டாக்கும் வெற்றிடத்தை நோக்கி வளிமண்டல அழுத்தம்தான் நீரைத் தள்ளுகிறது. 30 டிகிரி நீரில் அந்த அழுத்தத்திலிருந்து, சூடு ஏற ஏறக் கூடும் நீரின் ஆவியழுத்தத்தைக் கழித்தால் ஏறத்தாழ 9.9 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தம் மிஞ்சும். 80 டிகிரியில் அது சுமார் 5.7 மீட்டராகவும், 90 டிகிரியில் 3.3 மீட்டராகவும் சுருங்குகிறது. இவை கடல்மட்டக் கணக்குகள். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருப்பூரில் இன்னும் சற்றுக் குறையும். சிறிய மையவிலக்கு பம்புகள் தம் தேவைக்கே 2 முதல் 4 மீட்டர் வரை கேட்கும் என்பதால், 90 டிகிரி நீரைக் குழியிலிருந்து மேலே உறிஞ்சுவது நடைமுறையில் ஆகாத காரியம். நீர் குழாய்க்குள்ளேயே ஆவியாகும், பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போன்ற ஓசை கேட்கும், நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அரிபடும், சில நிமிடங்களில் நீர் வரத்தே நின்றுவிடும். நீர் 60 டிகிரியைத் தாண்டாது என்ற உறுதி உள்ள ஆழமற்ற குழிக்கு மட்டும் இதைப் பரிசீலிக்கலாம். மற்ற இடங்களில் இதை நான் தள்ளிவிடுவேன்.

மூன்றாவது, செங்குத்துச் சம்ப் பம்ப். மோட்டார் தரைமட்டத் தகட்டின் மேல் நிற்க, நீண்ட தண்டு கீழே இறங்கி, இம்பெல்லர் மட்டும் நீருக்குள் சுழலும். உறிஞ்ச வேண்டிய உயரம் இல்லை, மின்சாரம் நீரைத் தொடுவதுமில்லை. வெந்நீர்க் குழிக்கு இதுவே இயல்பான விடை என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாயப்பட்டறைக் குழிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. துணியிலிருந்து உதிரும் பஞ்சு நீருடன் வந்து தண்டைச் சுற்றிக்கொள்ளும். நீருக்குள் இருக்கும் புஷ் பேரிங்குகளில் சிக்கித் தேய்க்கும். அங்கே ரப்பர் புஷ் போட்டிருந்தால் வெந்நீரில் அது உப்பித் தண்டையே பிடித்துவிடக்கூடும் என்பதால், வெண்கலமோ டெஃப்லான் கலவையோ கேட்டு வாங்க வேண்டும். சுமார் ஒன்றரை மீட்டர் வரையிலான குழிகளுக்கு, நீருக்குள் பேரிங்கே இல்லாத கேண்டிலீவர் வகை கிடைக்கிறது. விலை அதிகமானாலும் பஞ்சு வரும் குழிக்கு அதுவே நிம்மதி. குழியிலிருந்து எழும் ஆவி நேராக மோட்டாரைச் சென்று சேரும் என்பதையும் மறக்கலாகாது. தகட்டின் அடியில் கேஸ்கெட் வைத்து, ஆவி வெளியேறத் தனிக் குழாய் விட்டால்தான் மோட்டார் வெளியே இருப்பதன் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

நான்காவது, வெந்நீருக்கென்றே செய்யப்பட்ட சப்மெர்சிபிள். இவற்றில் 90 டிகிரியை ஒட்டிய நீரையும் தாங்கும் வகைகள் உள்ளன. விலை சாதாரண பம்பைப் போலப் பல மடங்கு. எச் வகுப்புக் காப்பு 180 டிகிரி வரை தாங்கும், பி வகுப்போ 130 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால், எந்த வகுப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீல் ரப்பரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஈபிடிஎம் என்ற ரப்பர் வெந்நீருக்கு மிக நல்லது, ஆனால் கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும். எண்ணெய் அறை உள்ள பம்பில் நீர்ப் பக்கமும் எண்ணெய்ப் பக்கமும் ஒரே ரப்பர் போதும் என்று சொல்பவரிடம் மேலும் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. ‘தொடர்ந்து ஓடலாம்’, ‘விட்டுவிட்டு ஓடலாம்’ என்ற இரு வரையறைகளையும் கலந்துவிடக் கூடாது. 90 டிகிரி என்று அச்சிட்டிருக்கும் பல பம்புகளுக்கு அந்த அளவு விட்டுவிட்டு ஓடும்போது மட்டுமே பொருந்தும். இறைத்து முடித்ததும் அரைமணி ஓய்வு கிடைக்கும் குழிக்கும், இரவுபகலாக நீர் வந்துகொண்டே இருக்கும் குழிக்கும் ஒரே பம்ப் சரிவராது.

நீரை முதலில் ஆற்றிவிட்டுச் சாதாரண பம்பையே போடலாமே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் குளிர்நீரைக் கலந்து ஆற்றுவதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 90 டிகிரியில் உள்ள 100 லிட்டரை 40 டிகிரிக்கு இறக்க, 30 டிகிரி நீர் 500 லிட்டர் வேண்டும். தண்ணீரை லாரியில் வாங்கும் ஊரில், அதுவும் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்து மீட்டாக வேண்டிய பட்டறையில், இந்த ஐந்து பங்கு கூடுதல் நீர் தாங்க முடியாத சுமை. வெப்பப் பரிமாற்றி வழியாகக் கழிவுநீரின் சூட்டை அடுத்த குளியலுக்கான நீருக்கு ஏற்றுவது முற்றிலும் வேறு விஷயம். விறகுச் செலவும் குறையும், குழியும் ஆறும். சுத்திகரிப்பில் ஆர்ஓ சவ்வுகள் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால், எப்படியும் எங்கோ ஓரிடத்தில் இந்த நீரை ஆற்றித்தான் ஆகவேண்டும். வசதி உள்ளவர்கள் அதைக் குழிக்கு முன்பே செய்துவிட்டால் பம்புப் பிரச்சினை தானே சிறியதாகிவிடும். ஆனாலும் பரிமாற்றியைப் பராமரிப்புக்காக விலக்கி வைக்கும் நாளில் கொதிநீர் நேராகக் குழிக்குத்தான் வரும். அந்த நாளையும் கணக்கில் வைத்தே பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அழுத்தக் காற்றில் இயங்கும் டயாஃப்ரம் பம்பில் மின்சாரமே இல்லை என்றாலும், கம்ப்ரசர் செலவும் உறிஞ்சுயரச் சிக்கலும் இருப்பதால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள மட்டும் ஏற்றது. நீராவியால் தள்ளும் பம்புகள் நீராவி குளிர்ந்து கிடைக்கும் தூய நீரான கண்டன்சேட்டுக்கு அருமையானவை. பஞ்சு வரும் கழிவுநீருக்கு அல்ல.

ஆகவே என் தேர்வு இது: குழி ஒன்றரை மீட்டருக்கு மிகாமலும், மேலே இடம் இருந்தும், தரை வெள்ளத்தில் மூழ்காமலும் இருந்தால் கேண்டிலீவர் செங்குத்து பம்ப். குழி ஆழமாகவோ, இயந்திரத்துக்கு அடியில் இடுக்காகவோ, மழையில் நிரம்பும் இடமாகவோ இருந்தால் வெந்நீர் சப்மெர்சிபிள். கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, நல்ல பம்பை வாங்குவதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப்பாதி அதைப் பொருத்தும் முறையில் இருக்கிறது.

கேபிளிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண பிவிசி கேபிள் 70 டிகிரிக்கானது. வெந்நீரில் மூழ்கினால் மென்மையாகிப் பின்னர் விரிசல் விடும். பம்புடன் வரும் வெப்பம் தாங்கும் கேபிள் போதிய நீளத்தில் வரும்படி கேட்டு வாங்கி, குழிக்குள் எந்த இடத்திலும் இணைப்புப் போடாமல், குழிக்கு வெளியே ஆவி எட்டாத உயரத்தில் பெட்டி வைத்து அங்கே இணைக்க வேண்டும். கேபிளின் முனை ஆவிபடும் இடத்தில் இருந்தால் செம்புக் கம்பிகளுக்கு இடையே ஈரம் ஊர்ந்து மோட்டார்வரை போய்விடும். பம்பைத் தூக்கவோ இறக்கவோ கேபிளை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் கயிறும் சூட்டில் வலுவிழக்கும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலியே பொருத்தம்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், பம்பின் உடலிலிருந்து எர்த் குழிவரை அறுபடாத எர்த் கம்பியும் இல்லாமல் சுவிட்சைப் போடக் கூடாது. மோட்டாருக்குள் இருக்கும் வெப்பத் துண்டிப்பானின் கம்பிகளைச் சிலர் தேவையற்றவை என்று மடக்கிக் கட்டிவிடுகிறார்கள். அவற்றை ஸ்டார்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றில் சேர்த்து, ஒருமுறை துண்டித்தால் கையால் அழுத்தினாலன்றி மறுபடி ஓடாதபடி அமைக்க வேண்டும். தானாக ஆறித் தானாக ஓடும் பம்ப், அடைப்பை எடுக்கக் கைவிட்டவரின் விரலைக் கேட்பதில்லை.

மிதவைச் சுவிட்சு வெந்நீருக்கானதா என்று பெயர்ப்பலகையில் பாருங்கள். பம்ப் 90 டிகிரி தாங்கி, மிதவை 50 டிகிரியில் இளகிப் போன குழிகள் உண்டு. பம்ப் நின்றுவிடும் நீர்மட்டத்தை மோட்டாரின் தலைக்கு மேலேயே வையுங்கள். மோட்டார் மூழ்கியிருப்பதற்காக மட்டுமல்ல, 95 டிகிரியில் வளிமண்டலம் தரும் மிச்ச அழுத்தம் 2 மீட்டருக்கும் குறைவு என்பதால் மேலே நிற்கும் நீரின் ஒவ்வொரு அடியும் பம்புக்குள் ஆவி உண்டாகாமல் காக்கிறது. வரும் நீர் பம்பின் மேலேயே விழாதபடி நடுவே ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அதற்கு முன்பாகப் பஞ்சு வடிகட்டும் சல்லடையைப் பொருத்துவது நல்லது. வெளியேற்றுக் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வான என்ஆர்விக்குக் கீழே, எப்போதும் குழிக்குள் பார்த்திருக்கும்படி 5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், உள்ளே சிக்கும் ஆவி வெளியேறி பம்ப் வறண்டு ஓடாமல் தடுக்கும்.

குழாயைப் பொறுத்தவரை, சாதாரண யுபிவிசி 45 டிகிரிக்கு மேல் நம்பத்தக்கதல்ல. வெளுப்பு நீரில் காஸ்டிக் இருப்பதால் ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சும் அலுமினிய பம்ப் உடலும் அரிக்கப்படும். வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி அல்லது துருப்பிடிக்காத எஃகு போடலாம். சிபிவிசி என்றால், 60 டிகிரி ஏறும்போது 10 மீட்டர் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளும் என்பதை நினைவில் வைத்து, இறுக்கிக் கட்டாமல் வளைவுக்கு இடம் விட வேண்டும்.

இறக்குவதற்கு முன் மூன்று பேஸ் மோட்டாரின் சுழற்சித் திசையை வெளியிலேயே ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். 60 டிகிரி நீர் பட்டால் ஐந்து நொடிகளிலும் 70 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நொடியிலும் ஆழமான சுடுபுண் ஏற்படும் என்பதால், குழிக்கு மூடியும் சுற்றிக் கைப்பிடிக் கம்பியும் கட்டாயம். பழுது பார்க்கும்போது மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைக் குழியருகே வேலை செய்பவர் தம் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்; இயந்திரங்களின் வடிகால் வால்வுகளையும் அப்படியே பூட்ட வேண்டும். ஆளிறங்கி நிற்கும் குழிக்குள் பக்கத்து இயந்திரம் கொதிநீரைத் திறந்துவிடுவதே இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சும் விபத்து.

பொருத்தி முடித்ததும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை காப்பை அளக்கும் கருவியான மெகர் வைத்து வைண்டிங்கின் காப்புத்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மணிநேரம் உண்மையான வெந்நீரில் ஓடவிட்டு, நிறுத்தி, மெயினைப் பூட்டி, சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள். குளிர்ந்திருந்ததைவிடக் குறைவது இயல்பு. ஆனால் 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த பம்பை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறிய பின் அளவு மறுபடி ஏறிவிட்டது என்ற காரணத்துக்காக அதைத் திரும்ப இறக்கக் கூடாது.